மணலில் ஒரு பிரபஞ்சம்! பொழுது படுவதற்குள் அழித்துவிடுவார்கள்! தெரியுமா?

காலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். நாலு பேர், ஆறு பேர், பெரிய ஓவியமென்றால் பன்னிரண்டு பேருக்கு மேலும்! தரையில் குந்தியிருந்து, நிற நிறமான தூளை விரலிடுக்கால் கசியவிட்டு, மயிரிழை பிசகாத கோடுகளால் தெய்வங்களையும் மலைகளையும் மின்னலையும் வரைகிறார்கள். பின்னேரம் ஓவியம் முடிகிறது. முடிந்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நோயாளியைக் கூட்டிவந்து அந்த ஓவியத்தின் மேலேயே உட்காரவைக்கிறார்கள்! இருட்டுவதற்குள் ஓவியம் இருந்த அடையாளமே இராது!

இதுதான் அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடி மக்களின் மணலோவியம்!

பழங்குடி என்றதும் ஏதோ கையளவு நிலத்தில் வாழும் சிறு கூட்டம் என்று நினைத்தீர்களா? அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கும் அவர்களுடைய நிலம் ஏறத்தாழ 71,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையும் 65,610 சதுர கிலோமீற்றர்தான்! நம் நாட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும்! அவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4 இலட்சம்.

"அவர்கள் எங்கே, நாங்கள் எங்கே?" என்கிறீர்களா? கவிஞர் நீலாவணன் பிறந்த பெரியநீலாவணையில், அல்லது பக்கத்து மருதமுனையில், பாண்டிருப்பில், கல்முனையில் இருந்து இதை வாசிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டு விஷயமே உள்ளே வருகிறது!

தூரிகை இல்லை! பசை இல்லை! பார்த்து வரையப் படமும் இல்லை!

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகைத் தூள். அதைக் கசியவிடும் கைதான் தூரிகை! வெள்ளைக்கு ஜிப்சம் கல்லை இடித்த தூள். மஞ்சளுக்கு மஞ்சட் காவி. சிவப்புக்குச் சிவந்த மணற்கல். கறுப்புக்குக் கரி. நீலத்துக்கு? கரியையும் வெள்ளைத் தூளையும் கலந்துவிடுவார்கள். சாம்பல் நிறம்தான் வரும். ஆனால் செம்மண்ணுக்குப் பக்கத்தில் அது நீலமாகவே கண்ணில் படும்! சில சடங்குகளில் சோளமாவும் பூந்தாதும் தூளாக்கிய மரப்பட்டையும் கூடச் சேரும்.

அளவு? சில ஒரே ஒரு அடி. சில 20 அடி! இதுவரை பதிவான வடிவங்கள் மட்டும் 500-க்கு மேல்! எந்த வடிவத்துக்கும் அவர்களிடம் ஏடு கிடையாது. எல்லாமே சடங்கை நடத்தும் வைத்தியரின் தலைக்குள் இருக்கிறது! நவஹோக்கள் அவரைப் பாடகர் என்றே அழைப்பார்கள். மருந்து, மணல், பாட்டு மூன்றும் சேர்ந்ததுதான் வைத்தியம். ஒன்பது இரவுகள் நீளும் சடங்கு கூட உண்டு! அத்தனை இரவுப் பாட்டையும் வரிசை மாறாமல் பாட வேண்டும். ஒரு சடங்கைக் கற்கவே பல வருடங்கள் ஆகும். ஓரிரு பெரிய சடங்குகளை முழுதாகத் தெரிந்து வைத்திருந்தாலே அவர் பெரிய ஆள்தான்!

அந்தக் கடைசிக் கட்டத்தைக் கிட்ட இருந்து பார்ப்போமா? நோயாளி ஓவியத்தின் நடுவே இருக்கிறார். பாடகர் தன் உள்ளங்கையை ஈரமாக்கி, மணலில் உள்ள தெய்வத்தின் பாதத்தில் ஒற்றி, ஒட்டிய மணலை நோயாளியின் பாதத்தில் வைத்து அழுத்துகிறார். தெய்வத்தின் முழங்காலில் இருந்து நோயாளியின் முழங்காலுக்கு. தெய்வத்தின் தலையில் இருந்து நோயாளியின் தலைக்கு! தெய்வத்தின் பலம் மணல் வழியே உடம்புக்குள் ஏறும், உடம்பில் இருந்த பிணி மணலுக்குள் இறங்கும் என்பது நம்பிக்கை. பிணி இறங்கிய மணலை வீட்டில் வைத்திருக்கலாமா? கூடவே கூடாது! கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அழித்தால்தான் வைத்தியம் முடியும்!

அதே இரண்டு விரல்கள் கேரளத்திலும்!

ஆம்! பெருவிரலும் சுட்டுவிரலும் தூளைக் கசியவிட, கோவில் தரையில் பத்திரகாளி எழும்பும் கலை கேரளத்தில் இருக்கிறது. பெயர் களமெழுத்து! எழுதி, பாடி, ஆடி, கடைசியில் அழித்தும் விடுவார்கள்! பாலைநிலத்து நவஹோவுக்கும் மலையாளக் கரைக்கும் நடுவே உலகத்தின் பாதி கிடக்கிறதே!

ஐந்தே ஐந்து நிறம். வெள்ளைக்கு அரிசிமா. மஞ்சளுக்கு மஞ்சள்தூள். கறுப்புக்கு உமிக்கரி. பச்சைக்கு இலைகளை உலர்த்தி இடித்த தூள். சிவப்புக்கு? சுண்ணாம்பையும் மஞ்சளையும் கலந்தாலே போதும்! கல்யாண வீட்டில் ஆலாத்தித் தண்ணீர் சிவப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தை!

களத்துக் காளி தட்டையாகக் கிடப்பவள் அல்லள் என்பது தெரியுமா? மார்பு வரும் இடத்தில் அரிசியைக் குவித்து, அதன்மேல் நிறத்தூளைத் தூவுவார்கள். தரையில் இருந்து புடைத்து எழும்பும் உருவம்! விளக்கொளியில் மூச்சுவிடுவது போலவே இருக்கும்!

நாகக் களத்தை அழிப்பது யார் தெரியுமா? பெண்கள்! புள்ளுவர் என்ற சமூகத்தார் வீணையும் குடமும் வாசித்துப் பாடுவார்கள். கமுகம்பூக் குலையைக் கையில் பிடித்தபடி களத்தில் இருக்கும் பெண்களுக்கு மெல்ல மெல்ல உரு ஏறும். ஆடி ஆடி, தலைமுடியாலேயே பாம்புக் களத்தைக் கலைத்துவிடுவார்கள்! பிறகு அந்தத் தூள் பிரசாதம். நவஹோக்கள் தூர எறியும் தூளை இங்கே நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்! இந்த ஒரு வித்தியாசத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

களம் எழுதி அழித்த பின்புதான் காளியும் தாரிகன் என்ற அசுரனும் நேருக்கு நேர் மோதும் முடியேற்று தொடங்கும். இந்தக் கலையை யுனெஸ்கோ 2010-இல் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேரளத்துக்கு ஏன் போவான்? நம் நாட்டிலேயே இருக்கிறது!

சிங்கள மக்களின் பலிச் சடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிரக தோஷம் பிடித்த ஒருவருக்காக, களிமண்ணில் கிரக தெய்வங்களின் உருவங்களைப் புடைப்பாகச் செய்து வர்ணம் தீட்டுவார்கள். தோஷம் பிடித்தவர் அவற்றின் முன்னால் உட்கார வேண்டும். பறை முழங்க, விடிய விடியப் பாட்டு! சடங்கு முடிந்ததும் அவ்வளவு அழகான உருவங்களையும் குலைத்துவிடுவார்கள்! வானத்துத் தெய்வங்களை ஒரு தனி மனிதருக்காக உருவாக்கி, அவரை எதிரே உட்காரவைத்து, பாடி, பிறகு அழிப்பது. நவஹோ செய்வதும் இதையேதான்!

மலைகளுக்கு ஆணி அடித்தவர்கள்!

நவஹோ உலகத்துக்கு நாலு எல்லைகள், நாலு மலைகள். கிழக்கே பிளாங்கா சிகரம், நிறம் வெள்ளை, அது விடியல். தெற்கே டெய்லர் மலை, நிறம் நீலம், அது பகல். மேற்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள், நிறம் மஞ்சள், அது அந்தி. வடக்கே ஹெஸ்பெரஸ் மலை, நிறம் கறுப்பு, அது இரவு. ஒரு நாளின் நாலு பொழுதும் நாலு திசையில் நிற்கின்றன!

அந்த மலைகள் நகர்ந்துவிடாமல் எதனால் பிணைத்தார்கள் தெரியுமா? கிழக்கு மலையை மின்னலால்! தெற்கு மலையைக் கல் கத்தியால்! மேற்கு மலையைச் சூரியக் கதிரால்! வடக்கு மலையை வானவில்லால்! பிளாங்கா சிகரத்தின் உயரம் 4,374 மீற்றர். நமது பிதுருதலாகல 2,524 மீற்றர்தான். அத்தனை பெரிய மலைக்கு மின்னல் ஒரு ஆணி!

அவர்களின் பாரம்பரிய வீடு ஹோகன். வாசல் கிழக்கே பார்க்கும், மாற்றமே கிடையாது. சடங்கு நடக்கும்போது உள்ளே நுழைபவர் சூரியன் போகும் வழியில் சுற்றி நடக்க வேண்டும். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. நம் கோவிலில் வலம் வருவதும் இதே திசைதானே!

மணலோவியத்தைச் சுற்றி மூன்று பக்கம் வானவில் காவல் நிற்கும். நாலாவது பக்கம்? திறந்தே இருக்கும், அதுவும் கிழக்குத்தான்!

இந்தப் பூமிக்கு முன்னால் வேறு உலகங்கள் இருந்தன என்கிறார்கள். அடியில் ஒன்று, அதன் மேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் சண்டை மூண்டு ஒழுங்கு குலைய, உயிர்கள் மேலே மேலே ஏறி வந்து கடைசியாக இங்கே சேர்ந்தனவாம். நம் கால் நிற்கும் இடமே மாடி!

விண்மீன்கள் ஏன் தாறுமாறாகக் கிடக்கின்றன? அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள்! வானத்தில் ஒவ்வொரு மீனாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். அந்த மந்த வேகம் பொறுக்காத கொயோட்டி, அதாவது அந்த ஊர் ஓநாய் இன விலங்கு, மிச்ச மீன்களையெல்லாம் அள்ளி வானத்தில் வீசிவிட்டதாம்! அடுக்கி வைத்தவைதான் இன்று நாம் பெயர் சொல்லும் விண்மீன் கூட்டங்கள். மற்றதெல்லாம் கொயோட்டியின் வேலை!

மணலோவியங்களில் மிகப் பெயர்பெற்றது எது தெரியுமா? பக்கத்தில் பக்கமாக நிற்கும் தாய் பூமியும் தந்தை வானமும்! வானத்தின் உடம்பு கறுப்பு. அதற்குள் சூரியன், சந்திரன், விண்மீன் கூட்டங்கள், குறுக்கே வளைந்து வளைந்து ஓடும் பால்வீதி! பூமியின் உடம்பு நீலம். அதன் நடுவில் இருந்து சோளம், அவரை, பூசணி, புகையிலை நான்கும் முளைக்கின்றன. இருவரையும் இணைப்பது ஒரு மெல்லிய மகரந்தக் கோடு! இவ்வளவையும் விரலால், தூளால், நாலைந்து மணித்தியாலத்தில் வரைந்து முடிக்கிறார்கள்!

இதோ உங்கள் வீட்டு விஷயம்!

நவஹோ ஒருவரிடம் "நீ யார்?" என்று கேட்டால் முதலில் எதைச் சொல்வார் தெரியுமா? தாயின் குலத்தை! குலம் தாய்வழியாகவே வரும். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது. கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் பக்கம் போய்க் குடியேறுவதே வழமை. ஹோகன் பெண்ணுக்குரியது!

எங்கேயோ கேட்டது போல இல்லையா? மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் குடி தாய்வழியாகத்தானே வருகிறது! "நீ என்ன குடி?" என்றால் உம்மாவின் குடியை, அம்மாவின் குடியைத்தானே சொல்கிறோம்! ஒரே குடிக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்பதுதானே பழைய கட்டுப்பாடு! பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதுதானே இன்றும் நடக்கிறது! தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இந்த முறை இருப்பதே உலக ஆய்வாளர்கள் நம் கரைக்கு வந்து வியந்த விஷயம். கோவிலில் குடிக்கு ஒரு உரிமை, பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர்! கலிங்க குடி, படையாட்சி குடி, உலகிப்போடி குடி என்று நாம் எண்ணுவதைப் போலவே அவர்களும் தங்கள் குலங்களை எண்ணுகிறார்கள்!

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள். அந்தக் காலத்து நவஹோ மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கவே கூடாது! பார்த்தால் கண் போய்விடும் என்று நம்பினார்கள். ஒரே வளவில் இருந்துகொண்டு, வருடக்கணக்கில், முகம் பாராமல்!

மருதமுனைக்காரர்களே, இதைக் கேளுங்கள்!

நவஹோக்களும் உங்களைப் போலவே பெயர்போன நெசவாளர்கள்! அவர்களுக்கு நெசவு சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? ஒரு சிலந்தி! சிலந்திப் பெண் என்ற தெய்வம். முதல் தறியின் குறுக்குக் கட்டைகள் வானத்தாலும் பூமியாலும் ஆனவை. பாவுக் கோல்கள் சூரியக் கதிர்கள். விழுது பளிங்கும் மின்னலும்! அவள் குடியிருப்பதாகச் சொல்லும் பாறைத்தூண் அரிசோனாவில் இன்றும் நிற்கிறது. உயரம் 700 அடிக்கு மேல்!

சிலர் கம்பளம் நெய்யும்போது ஓரத்துக் கரையில் ஒரு மெல்லிய நூலை வெளியே விட்டுவைப்பார்கள். நெய்தவரின் மனம் கம்பளத்துக்குள்ளேயே சிறைப்பட்டுவிடாமல் வெளியேற ஒரு வழி!

மணலோவியத்தை நெசவில் கொண்டுவர ஒருவர் துணிந்தார். பெயர் ஹொஸ்டீன் கிளா. பெரிய பாடகர், பெரிய நெசவாளர், இரண்டும் அவரே! அழிய வேண்டிய ஓவியத்தை அழியாத நூலில் நெய்வதா? ஊரே பதறியது! தெய்வக் குற்றம், கண் போய்விடும் என்று பயந்தார்கள். கிளாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தன் அறிவு தன்னோடு போய்விடக்கூடாது என்ற தவிப்பு அவருக்கு. மேரி கபொட் வீல்ரைட் என்ற பெண்மணியோடு சேர்ந்து சாந்தா ஃபே நகரில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வழி செய்தார். 1937-இல் அவர் காலமானார். அதே வருடம் அருங்காட்சியகம் திறந்தது, ஹோகன் வடிவில்! 40 வருடம் கழித்து, 1977-இல், அந்த அருங்காட்சியகம் தன்னிடமிருந்த நவஹோ மருந்துப் பொதிகள் சிலவற்றை மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. எடுத்துப்போன பொருளைத் திருப்பிக் கொடுக்கும் அருங்காட்சியகங்கள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்!

இன்னும் கொஞ்சம், மூச்சு விடாமல்!

வியாபாரி ஒருவரின் மனைவியான பிராங்க் நியூகோம் என்ற பெண்மணி சடங்கைப் பார்க்க அனுமதி பெற்றார். உள்ளே வைத்து வரைய முடியாது! என்ன செய்தார்? முழு ஓவியத்தையும் கண்ணாலேயே மனப்பாடம் செய்து, வீட்டுக்குப் போய் வரைந்தார்! அப்படியே நூற்றுக்கணக்கில் வரைந்து தள்ளினார்!

கடையில் விற்கிறார்களே, பலகையில் ஒட்டிய மணலோவியம், அதில் வேண்டுமென்றே ஒரு பிழை இருக்கும், தெரியுமா? ஒரு நிறம் மாறியிருக்கும், ஓர் உருவம் குறைந்திருக்கும். முழுமையான ஓவியம் தெய்வத்தை அழைத்துவிடும் அல்லவா! அதனால் காசுக்குப் போவதை முழுமையாக்க மாட்டார்கள்.

சில பெரிய சடங்குகளைப் பனிக்காலத்தில் மட்டுமே நடத்தலாம். ஏன்? பாம்புகள் உறங்கப் போயிருக்க வேண்டும், இடி ஓய்ந்திருக்க வேண்டும்! கொயோட்டிக் கதை சொல்வதும் பனிக்காலத்தில் மட்டும். நூலை விரலில் மாட்டி உருவம் காட்டும் விளையாட்டும் அப்போதுதான், சிலந்தி தூங்கும் காலம் பார்த்து!

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரால் கடைசி வரை உடைக்க முடியாத இரகசியக் குறிமொழி எது? நவஹோ மொழி! 1942-இல் 29 பேர் தொடங்கினார்கள், பிறகு ஏறத்தாழ 400 பேர். ஆமை என்றால் டாங்கி, இரும்பு மீன் என்றால் நீர்மூழ்கி, உருளைக்கிழங்கு என்றால் கைக்குண்டு! 1968 வரை அந்த இரகசியம் வெளியே வரவே இல்லை. போர் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு ஊரில் என்ன காத்திருந்தது தெரியுமா? பாட்டும் சடங்கும்! போர்க்களத்தில் இறந்தவர்களின் நிழல் மனத்தில் ஒட்டியிருக்கும், அதை நீக்கினால்தான் மனிதன் மறுபடி மனிதருக்குள் வாழ முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. போரைக் கண்ட நம் கரைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1941-இல் நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நவஹோக்கள் மணலோவியம் வரைந்து காட்டினார்கள். ஜாக்சன் பொலொக் என்ற ஓவியர் அதைப் பார்த்தார். சில வருடங்களில் அவரே கன்வஸைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து வர்ணத்தைச் சொட்டவிட்டார்! மணல் ஓவியர்களின் முறை இதற்கு நெருங்கியது என்று 1947-இல் அவரே எழுதினார். அவருடைய ஓவியம் ஒன்று 2006-இல் 14 கோடி டொலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. மணலோவியம்? அன்றைக்கே கூட்டி அள்ளியாகிவிட்டது!

நாம் பொங்கலன்று முற்றத்தில் போடும் கோலம் கணினி விஞ்ஞானத்துக்குள் நுழைந்த வருடம் தெரியுமா? 1974! கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் இலக்கணத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். இவர்கள் மூவரும் சென்னையில் பணியாற்றியவர்கள்!

வனுவாட்டு தீவுகளில் கையெடுக்காமல் ஒரே விரலால் மணலில் கோலம் போடுவார்கள். 2003-இல் யுனெஸ்கோ அதைப் பாராட்டிப் பிரகடனம் செய்தது. திபெத்தியத் துறவிகளோ உலோகக் கூம்பை உரசி உரசி, நாட்கணக்கில் மண்டலம் வரைந்து, கலைத்து, ஆற்றில் விட்டுவிடுகிறார்கள்!

நவஹோ குழந்தை முதன்முதலாகச் சிரித்தால் என்ன நடக்கும்? விருந்து! அதுவும் யார் வைக்க வேண்டும்? குழந்தையைச் சிரிக்கவைத்தவர்! அந்த விருந்தில் குழந்தையின் கையால் வந்தவர்களுக்கெல்லாம் உப்புக் கொடுப்பார்கள். தாராள குணம் அங்கேயே தொடங்க வேண்டுமாம்!

கடைசியாக மறுபடி கேரளம். வேட்டைக்கொரு மகன் என்ற தெய்வத்துக்குக் களம் எழுதிப் பாடும் பெரிய சடங்கில் ஒரே ஆள் எத்தனை தேங்காய் உடைப்பார்? 12,000! இரண்டு கையாலும், இடைவிடாமல்!

வைக்கத்தில் 12 வருடத்துக்கு ஒருமுறை வடக்குப்புறத்துப் பாட்டு என்ற திருவிழா. 12 நாள் களம். நாள் ஏற ஏறப் பத்திரகாளியின் கைகளும் ஏறும். கடைசி நாளில் எத்தனை? 64! அவளைக் கொடுங்கல்லூர்ப் பகவதியாகவே வணங்குகிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி போய்ச் சேர்ந்த இடம் கொடுங்கல்லூர் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அந்தக் கண்ணகிக்குத்தானே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் குளிர்த்தி பாடுகிறோம்! 64 கைகளையும் விரலால் தூவி முடிப்பார்கள், அன்றிரவே அழிப்பார்கள். 2013-இல் நடந்தது, 2025-இல் நடந்தது. கணக்குப்படி அடுத்தது 2037!